கொங்கு வட்டாரத்தில் புற்றுநோய் உளச்சிகிச்சை

புற்றுநோய் உளச்சிகிச்சை என்பது புற்றுநோய்க்கு ஆளானவர்களுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் ஏற்படும் மனத்துன்பத்தைப் பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் தணிக்கும் பணியாகும். இது உளப்புற்றுநோயியல் என்னும் துறையைச் சேர்ந்தது. இப்பணியைச் செய்பவர் உளச்சிகிச்சையாளர் எனப்படுகிறார். மருத்துவமனை வராந்தாவில் இந்தப் பெயர் வழங்குவதில்லை. அங்கே அவர் 'கவுன்சிலிங் மேடம்' அல்லது 'கவுன்சிலிங் சார்' மட்டுமே. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு வட்டாரத்தில் இப்பணிக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. அவற்றுள் முதன்மையானது, நோயாளிக்கும் சிகிச்சையாளருக்கும் நடுவே எப்போதும் ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பது.

துறையின் தோற்றம்

1950கள், 60கள் வரை புற்றுநோய் என்ற சொல்லை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதே உலகின் பல பகுதிகளில் மருத்துவ வழக்கம். 1961இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த ஓர் ஆய்வில், கேட்கப்பட்ட மருத்துவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நோயாளியிடம் உண்மையைச் சொல்வதில்லை என்றனர். 1979இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில் இதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்புவதாகத் தெரிவித்தனர். மறைக்கும் பழக்கம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய பலவீனம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உண்மையைச் சொல்லத் தொடங்கிய பிறகே, சொன்ன பின் நோயாளியின் மனம் என்ன ஆகிறது என்ற கேள்வி எழுந்தது. நியூயார்க்கின் மெமோரியல் சுலோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 1977இல் மனநலப் பிரிவைத் தொடங்கிய ஜிம்மி ஹாலண்ட் (1928–2017) இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். பன்னாட்டு உளப்புற்றுநோயியல் கழகம் 1984இல் உருவானது. மனநோய் என்ற முத்திரைக்கு அஞ்சி நோயாளிகள் விலகுவதைக் கண்ட ஹாலண்டும் அவருடன் பணியாற்றியோரும், நோயின் பெயர் எதையும் சொல்லாமல் 'மனத்துன்பம்' என்ற பொதுச்சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினர். அதை அளக்க 0 முதல் 10 வரை கோடிட்ட வெப்பமானிப் படம் ஒன்றும் வழக்குக்கு வந்தது. 4 அல்லது அதற்கு மேல் குறித்தவரைத் தனியே பார்த்துப் பேச வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் நெறி.

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை தோன்றியதற்கே ஒரு குடும்பத் துயரம் காரணம். தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இல் தொடங்கப்பட்டது. டாக்டர் வி. சாந்தா நெடுங்காலம் வழிநடத்திய அந்நிலையத்தில் உளப்புற்றுநோயியலுக்கெனத் தனித்துறை இயங்குகிறது. இந்தியச் சூழலுக்கேற்ற வாழ்க்கைத்தர வினாப்பட்டியல் ஒன்றும் அங்கே உருவாக்கப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்சைச் சேர்ந்த மனநல மருத்துவர் சந்தோஷ் கே. சதுர்வேதி 1991இல் வெளியிட்ட ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. உடல் எவ்வளவு இயங்குகிறது என்பதைவிட மன அமைதியும் வழிபாட்டு நிறைவும் குடும்ப மகிழ்ச்சியுமே முக்கியம் என்று இந்திய நோயாளிகளும் அவர்களைச் சார்ந்தவர்களும் கூறியதை அது பதிவு செய்தது.

கோவைக்கு வருபவர்கள்

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை, ஸ்ரீ ராமகிருஷ்ணா மருத்துவமனை, பி.எஸ்.ஜி. மருத்துவமனை, கே.எம்.சி.எச். எனப் புற்றுநோய்ச் சிகிச்சை தரும் இடங்கள் பல உள்ளதால் மேற்கு மாவட்டங்கள் முழுவதற்கும் கோவையே மருத்துவத் தலைநகர். பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளத்திலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். நீலகிரியிலிருந்து படுகர்களும் பழங்குடியினரும் வருவர். உள்ளூரிலேயே தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. ஆகவே ஒரே நாளில் மூன்று மொழிகளில் அழுகையைக் கேட்க வேண்டிய வேலை இது. கோயம்புத்தூர் கேன்சர் பவுண்டேசன் போன்ற தொண்டு அமைப்புகளும் நகரில் இயங்குகின்றன. 2013இல் தொடங்கிய கோயம்புத்தூர் மாரத்தான் புற்றுநோய் விழிப்புணர்வை முன்வைத்து நடத்தப்படுவது.

கதிர்வீச்சுச் சிகிச்சையைக் 'கரண்ட் வைப்பது' என்பது மக்கள் வழக்கு. அது வாரத்தில் ஐந்து நாள் எனப் பல வாரங்கள் தொடரும். தாராபுரத்திலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ வருபவர் விடியுமுன் பேருந்து ஏறினால்தான் முறைக்கு வந்து சேர முடியும். கூட வருபவருக்கும் அன்றைய கூலி போகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைத் தாங்கினாலும், பேருந்துக் கட்டணமும் ஓடாமல் நிற்கும் தறியும் கறவை மாட்டைப் பார்க்க ஆளில்லாமையும் அதன் கணக்கில் வருவதில்லை. மனத்துன்பம் என்று எழுதி அனுப்பப்படும் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசினால், அதில் பாதி பணக்கவலையாக இருப்பதைக் காணலாம். அப்போது சமூகப்பணியாளரை அழைத்துக் காப்பீட்டுத் தாள்களைச் சரிசெய்து கொடுப்பதே முதல் உளச்சிகிச்சை.

'சொல்லீராதீங்க'

இப்பணியின் மையமான சிக்கல் இதுதான். சதைப் பரிசோதனை முடிவு வந்ததும் மகனோ மருமகனோ மருத்துவரின் அறைக்குள் முதலில் நுழைந்து, "அப்பாகிட்ட மட்டும் சொல்லீராதீங்க, தெரிஞ்சா தாங்க மாட்டாருங்க" என்று கைகூப்புவது வழக்கமான காட்சி. நோயாளிக்கு 'கட்டி' என்றோ 'புண்' என்றோ சொல்லப்படும். வெளியே புற்றுநோய்ப் பிரிவு என்று பெரிய எழுத்தில் பலகை இருக்கும். முடி கொட்டும். பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லாவற்றையும் விளக்கிவிடுவார். ஆனாலும் வீட்டில் அந்தப் பேச்சு எழாது.

சில நாள் கழித்து அதே அப்பா உளச்சிகிச்சையாளரிடம் தனியே, "எனக்கு என்னன்னு தெரியுமுங்க அம்மிணி. பையன்கிட்டச் சொல்லீராதீங்க, வெசனப்படுவான்" என்பார். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்ற நினைத்து இருவரும் தனித்துப்போகிறார்கள். எழுத வேண்டிய பத்திரம், தீர்க்க வேண்டிய பங்காளிச் சண்டை, பார்க்க விரும்பும் மகள், சாக விரும்பும் இடம் என எதையும் நோயாளியால் பேச முடிவதில்லை. இதனால் வரும் இழப்பு, நோய் முற்றிய பிறகே குடும்பத்துக்குப் புரிகிறது.

இந்நிலையில் உண்மையைப் போட்டு உடைப்பது உளச்சிகிச்சையாளரின் வேலையன்று. மகனை எதிரியாகப் பார்ப்பதும் தவறு. முதலில் அவரிடம், "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயப்படறீங்க?" என்று கேட்கப்படுகிறது. சிகிச்சையை மறுத்துவிடுவார், சாப்பாட்டை விட்டுவிடுவார், தோட்டத்தில் வைத்திருக்கும் பூச்சிமருந்தை எடுத்துவிடுவார் என்று ஏதோ ஓர் அச்சம் வெளிவரும். இவற்றில் எதையும் வீண்பயம் என்று தள்ள முடியாது. அச்சத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, நோயாளிக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதை மட்டும் கேட்டுப் பார்க்க அனுமதி பெறப்படும். "தானாக எதையும் திணிக்கமாட்டோம், ஆனால் அவரே நேராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டோம்" என்பதும் அப்போதே சொல்லப்பட வேண்டும்.

அடுத்து நோயாளியிடம் இரண்டு கேள்விகள். என்ன நோய் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? எல்லா விவரமும் உங்களிடம் சொல்லவேண்டுமா, வீட்டில் யாரிடமாவது சொன்னால் போதுமா? கெட்ட செய்தியைத் தெரிவிப்பதற்கு 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு உலகெங்கும் கற்பிக்கப்படும் ஆறு படி முறையிலும் இக்கேள்விகள் செய்திக்கு முன்பே இடம்பெறுகின்றன. "எல்லாம் பெரியவன் பாத்துக்குவான், எனக்கு வேண்டாங்க" என்று சொல்லும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. அப்படிச் சொல்வது அறியாமையாகாது, அதுவும் ஒரு முடிவு. ஆனால் கேட்காமலேயே அந்த முடிவை அவருக்காகப் பிறர் எடுப்பது வேறு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைப் பட்டயம், தன் நோயைப் பற்றி அறியும் உரிமையை நோயாளிக்கே தருகிறது.

பெண் நோயாளியானால் சிக்கல் இன்னொரு மடங்கு. அவரிடம் மறைப்பதோடு, ஊரிலும் மறைப்பார்கள். மார்பகப் புற்றுநோய் வந்த தாயின் மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்ற அச்சமே பெரும்பாலும் காரணம். மார்பகப் புற்றுநோய்களில் சிறுபகுதி மட்டுமே மரபுவழி வருவது என்பதையும், புற்றுநோய் தொற்றாது என்பதையும் குடும்பத்தாரிடம் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைக்கும் வீடுகள் இன்னும் உள்ளன. மருந்தின் கசப்பைவிட அந்தத் தனித்தட்டு அதிகம் கசக்கும்.

முதல் வாரம்

சுவீடனில் பல லட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு 2012இல் வெளிவந்த ஆய்வில், புற்றுநோய் உறுதியான முதல் வாரத்தில் தற்கொலை ஆபத்து நோயில்லாதவர்களைவிட ஏறத்தாழ 12 மடங்கு கூடியிருந்தது. பிறகு அது வேகமாகக் குறைகிறது. ஆகவே கீமோ தொடங்கிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று உளச்சிகிச்சையைத் தள்ளிவைப்பது பிழை. 'சாகலாம் என்று தோன்றுகிறதா' என நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. கேட்டதனால் நிம்மதியடைந்தவர்களே மிகுதி. வேளாண் குடும்பங்களில் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்வது இங்கே கட்டாய நடைமுறை. இரவில் யாரும் கிடைக்காதபோது 14416 என்ற எண்ணில் அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவையை இலவசமாக அழைக்கலாம்.

2023இல் தமிழ்நாடு அரசு மார்பகம், கருப்பை வாய், வாய்ப் புற்றுநோய்களுக்கான ஒருங்கிணைந்த பரிசோதனைத் திட்டத்தை நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. ஈரோடு அவற்றுள் ஒன்று. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத பெண் ஒருவர் 'மறுபடி வரச் சொன்னாங்க' என்ற ஒரு வரியோடு வீடு திரும்பிக் காத்திருக்கும் நாள்களும் இப்போது இப்பணியின் எல்லைக்குள் வந்துவிட்டன.

வெசனத்தை அளப்பது

'மனச்சோர்வு', 'பதற்றம்' என்ற பாடநூற் சொற்கள் கொங்குக் கிராமங்களில் வழங்குவதில்லை. வெசனம் என்ற ஒரு சொல்லே கவலை, துக்கம், ஏக்கம் எல்லாவற்றையும் தாங்குகிறது. பெரும்பாலோர் அதையும் சொல்லாமல் 'நெஞ்சு படபடங்குது', 'சோறு எறங்கமாட்டேங்குது', 'ராத்திரி தூக்கமே இல்லீங்க' என்று உடம்பின் வழியாகவே சொல்வர். வெப்பமானிப் படத்தைக் காட்டினால் விழிப்பவரிடம், "பத்து ரூபாயில எத்தனை ரூபாய்க்கு வெசனம் இருக்குதுங்க?" என்று கேட்டால் எளிதாக விடை கிடைக்கும்.

மனச்சோர்வைக் கண்டறிவதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. பசியின்மை, தூக்கமின்மை, களைப்பு, எடை குறைதல் ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். அவையே புற்றுநோயின் அறிகுறிகளும் கீமோவின் பக்கவிளைவுகளும். எனவே சிகிச்சையாளர் வேறு அடையாளங்களைத் தேடுகிறார். பேரக்குழந்தை வந்தும் முகம் மலரவில்லையா? 'எல்லாருக்கும் பாரமாயிட்டேன்', 'செஞ்ச பாவத்துக்கு இது வேணும்' என்ற பேச்சு நாள் முழுதும் ஓடுகிறதா? 2011இல் 94 ஆய்வுகளைத் தொகுத்து வெளியான பகுப்பாய்வின்படி, புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு மனச்சோர்வு உள்ளது. ஆறில் ஐந்து பேருக்கு அது இல்லை என்பதும் அதே எண்ணின் பொருள். அழுகிற ஒவ்வொருவருக்கும் மாத்திரை தேவையில்லை.

மாத்திரை தேவைப்பட்டால் அதை எழுதுவது மனநல மருத்துவர். மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் உட்கொள்பவருக்குப் பராக்சிட்டின், ஃபுளுவாக்சிட்டின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் தவிர்க்கப்படுகின்றன. தமாக்சிஃபென் உடலில் செயல்படும் வடிவுக்கு மாறுவதை அவை தடுப்பதே காரணம். ஆகவே பக்கத்து மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரையோ மன மாத்திரையோ வாங்குகிறாரா என்று கேட்பதும் உரையாடலின் பகுதி.

பயிற்சிகள்

கீமோ எடுப்பவர்கள் சிலருக்கு மூன்றாவது, நான்காவது முறைக்குப் பின் ஒரு விந்தை நிகழும். மருந்து ஏறுவதற்கு முன்பே, பேருந்து மருத்துவமனைச் சாலையில் திரும்பியதுமே குமட்டத் தொடங்கிவிடும். மணி அடித்ததும் நாய்க்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் சோதனையில் நடந்தது இதுதான். வார்டின் டெட்டால் வாடை, நர்ஸ் அணியும் உடையின் நிறம், வழியில் குடித்த இளநீர் ஆகிய எல்லாம் வாந்தியோடு முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. நோயாளி நடிக்கிறார் என்று வீட்டார் நினைப்பதும் உண்டு. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியோடு, அந்தக் காட்சிகளைச் சிறிது சிறிதாக மனத்தில் வரவழைத்துப் பழக்கும் முறை இதைத் தணிக்கும் என்று 1982இலேயே ஆய்வில் காட்டப்பட்டது. இரும்புக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தே கற்றுத்தரலாம். வாந்திக்கான மருந்துகளை முதல் கீமோவிலேயே சரியாகக் கொடுத்துவிட்டால் இந்த முடிச்சே விழாமல் பெரும்பாலும் தடுக்கலாம்.

முடி உதிர்வதற்கு எதிராகப் பேச்சால் செய்யக்கூடியது குறைவு. ஆனால் பழநியில் முடிகாணிக்கை செலுத்தும் பழக்கமுள்ள ஊர்களில் மொட்டைத் தலைக்கு வேறொரு மதிப்பான பொருளும் இருக்கிறது. கொத்துக்கொத்தாக உதிரும்வரை காத்திராமல் தாமே முன்கூட்டி மொட்டை அடித்துக்கொள்வது, நடப்பது ஏதோ ஒன்றாவது தம் கையில் இருக்கிறது என்ற உணர்வைத் தரக்கூடும். வேண்டுதல், ஜோதிடம், நாட்டு வைத்தியம் எதையும் சிகிச்சையாளர் கேலி செய்வதில்லை. கேலி செய்தால் அடுத்தமுறை அவற்றை மறைப்பார்கள். ஆடி முடியட்டும் என்று அறுவையைத் தள்ளிப்போடுவதையும், கீமோ நடக்கும்போது தெரியாத பொடிகளை உண்பதையும் மட்டும் புற்றுநோய் மருத்துவரிடம் கொண்டுசெல்கிறார்.

'எனக்கு ஏன் வந்தது?' என்ற கேள்விக்கு இப்பகுதியில் விடைகள் பல. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் கெட்ட கதையை அறிந்தவர்கள் தண்ணீரைச் சொல்வார்கள். திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது பலருக்கும் நினைவிருக்கிறது. வேறு சிலர் பூச்சிமருந்தையோ செய்வினையையோ முன்பிறவியையோ சொல்வர். ஒரு தனிமனிதரின் புற்றுநோய்க்கு இதுவே காரணம் என்று பெரும்பாலும் அறுதியிட முடியாது. வெற்றிலையோடு புகையிலை போட்ட பாட்டிக்கு வாய்ப்புண் வந்தால் காரணம் தெளிவு. ஆனாலும் குற்றவுணர்வில் இருப்பவரிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் பயனில்லை. வீட்டில் இன்னும் புகையிலை போடுபவர்களிடம் சொல்லலாம்.

மனம் நினைத்தால் நோய் தீருமா

'தைரியமா இருந்தா சரியாயிடும்' என்பது நோயாளி மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம். 1989இல் அமெரிக்காவில் 86 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு, குழுச் சிகிச்சை பெற்ற முற்றிய மார்பகப் புற்றுநோயாளிகள் ஏறத்தாழ இரு மடங்கு காலம் வாழ்ந்ததாகக் காட்டி உலகை வியக்கவைத்தது. ஆனால் 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனத்துன்பமும் வலியுணர்வும் குறைந்தன. உளச்சிகிச்சை தருவது இதைத்தான். கட்டியைக் கரைப்பதாகச் சொல்பவரிடம் போகவேண்டாம். நோய் திரும்பியவர், தாம் போதிய தைரியத்தோடு இல்லாததால்தான் திரும்பியது என்று தம்மையே நொந்துகொள்வதை இத்துறையில் இருப்போர் அறிவர். அந்தப் பழியை அவர் தோளிலிருந்து இறக்கிவைப்பதற்கே சில அமர்வுகள் தேவைப்படும்.

பிள்ளைகள்

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், பொதுத்தேர்வு முடியும்வரை அம்மாவின் நோயைச் சொல்வதில்லை என்பது பல வீடுகளின் முடிவு. நோக்கம் நல்லது. ஆனால் அம்மா அடிக்கடி கோவை போவதையும் அப்பத்தா மூலையில் அழுவதையும் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. காரணம் தெரியாத பிள்ளை தன் மதிப்பெண்ணையோ தன் சண்டையையோ காரணமாக நினைத்துக்கொள்ளும். நோயின் பெயர், அது யாருடைய தவறும் அன்று, தொற்றாது, உன்னை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற நான்கையும் வயதுக்கேற்ற எளிய சொற்களில் சொல்வது பரிந்துரைக்கப்படுகிறது. 'சாமிகிட்டப் போயிட்டாங்க', 'தூங்கறாங்க' போன்ற மறைசொற்கள் சிறு குழந்தைகளை இரவில் தூங்கவே அஞ்சவைக்கலாம்.

படிப்பும் பதிவும்

மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்குழுமத்தில் பதிவு தேவை. முதுகலைக்குப் பின் இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சி வழியாகவே நெடுங்காலம் பெரும்பாலோர் இதற்கு வந்தனர். பிற உளவியலாளர்களும் சமூகப்பணியாளர்களும் 2021ஆம் ஆண்டின் தேசிய துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தின்கீழ் வருகின்றனர். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் உள்ளிட்டவை உளவியல் படிப்புகளை அளிக்கின்றன. ஆலோசகர் என்று பலகை மாட்டியோர் அனைவரும் பதிவு பெற்றோர் அல்லர். ஆகவே பதிவெண்ணைக் கேட்பதில் தவறில்லை.

பாடத்தில் இல்லாதது பணிச்சுமை. ஒரு மாதத்தில் பழகிய பலரின் இறப்பைக் கேட்க வேண்டிய வேலையில், மூத்தவர் ஒருவரிடம் தவறாமல் தன் பணியைப் பேசித் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இல்லாவிட்டால் சிகிச்சையாளர் மரத்துப்போவார் அல்லது வேலையை விட்டுவிடுவார்.

இறப்புக்குப் பின்

சிகிச்சைக்கு இனி வழியில்லை என்றானவர்களை வீட்டிலேயே பராமரிக்க, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலிநிவாரணச் செவிலியர்கள் கிராமங்களுக்கு வருகின்றனர். உளச்சிகிச்சையாளரின் தொடர்பு அப்போது பெரும்பாலும் தொலைபேசி வழியாகவே அமைகிறது. காரியம் முடிந்து உறவினர் கலைந்த பிறகுதான் துணையை இழந்தவருக்கு வெறுமை தெரியத் தொடங்கும். எனவே அழைப்பும் அதன் பிறகே பயன்படும். முதல் பொங்கல், முதல் தீபாவளி, தலைத்திவசம் ஆகிய நாள்கள் குறித்துவைக்கப்படுகின்றன. உலக நலவாழ்வு அமைப்பின் பதினொன்றாம் நோய் வகைப்பாடு, ஆறு மாதங்களுக்கு மேலும் அன்றாட வாழ்வை முடக்கும் அளவுக்குத் தொடரும் கடுந்துயரையே சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் கொள்கிறது. அதற்கு முன் அழுவதும், இறந்தவரின் சட்டையை மடித்து வைத்துக்கொள்வதும், அவருக்கும் சேர்த்துக் காபி போட்டுவிடுவதும் நோயில் சேராது.